குற்றாலத்து எண்ணெயா, பாளையங்கோட்டைத் தொக்கணமா?

இடுப்பு வலிக்கு எது நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பு, பாளையங்கோட்டையில் சித்த மருத்துவர் செய்யும் தொக்கணம் என்ற மசாஜ், இரண்டுக்கும் முதுகைக் கொடுத்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. திருநெல்வேலி டவுனில் இரும்புக்கடைக் கல்லாவில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வலி வராமல் இருந்தால்தான் வியப்பு.

குற்றாலத்துச் சுகத்தை நம் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடச் சொல்லி, பிறகு ஐந்தருவிக்குக் கீழே தோளைக் கொடுத்தால் தண்ணீரே தட்டிவிடும். அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாது என்று தடை வந்துவிட்டதால், அறையிலேயே தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுப் போகவேண்டும். குளித்து முடித்தபின் பிரானூர் பார்டரில் புரோட்டா. அன்றிரவு போல நான் தூங்கியதே இல்லை.

ஆனால் எத்தனை நாள்? நான் பார்த்தது இதை ஒன்றைத்தான். கல்லாவுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில், வலி திரும்பிய தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். குற்றாலம் போய்வந்த மூன்றுமுறையும் வட்டம் நான்காம் நாளைத் தாண்டவில்லை. போதாததற்கு, கடைசித் தடவை தேய்த்தவர் கேட்காமலே கழுத்தை வெட்டித் திருப்பினார். ‘டக்’கென்று சத்தம், ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியவில்லை. அப்படித் திருப்புவதில் அபூர்வமாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதமே வரலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், படித்த சித்த மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நான் போனவர் முதல் பத்து நிமிடம் என்னைத் தொடவே இல்லை. “அண்ணாச்சி, கால் மரத்துப்போகிறதா? சிறுநீர் போவதில் சிரமம் உண்டா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்றார். இரண்டு கெண்டைக்காலையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அதைப் பிசைந்தால் கட்டி நுரையீரலுக்கு ஓடிவிடும் என்றார். அதற்குப் பிறகுதான் விடமுட்டித் தைலத்தை வெதுவெதுப்பாக்கினார்.

தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். எனக்குச் செய்தது பெரும்பாலும் அழுத்தலும் பிடித்தலும். இடுப்பெலும்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அசையாமல் நின்றார். முதலில் உயிர் போனது, பத்து மூச்சுக்குள் அந்த இடம் வெண்ணெய் போல இளகியது. “முடிச்சு அவிழ்ந்துவிட்டதா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அழுத்தும்போது வலியைப் பற்றிய செய்தியை மூளை மட்டுப்படுத்துகிறது, நாடி தணிகிறது, இறுகிய தசை விட்டுக்கொடுக்கிறது. எலும்போ, முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டோ இடம் மாறுவதில்லை என்றார். உடம்பில் தேங்கிய அமிலம் வெளியேறும் என்பதும் கதைதானாம். உழைத்தபின் சேரும் லாக்டிக் அமிலம் ஒருமணி நேரத்துக்குள் தானாகவே போய்விடுகிறது.

முதல் வட்டம் ஒன்பதாம் நாள். அடுத்தது பதினாறு. மூன்றாவதற்குப் பிறகு மாதக் கணக்கு. பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுவது அலுப்புத்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி நீண்டதால் போகவேண்டிய தேவை குறைந்தது.

இதில் தைலத்துக்கு எவ்வளவு பங்கு, அவர் மாற்றச் சொன்ன நாற்காலிக்கு எவ்வளவு, காலையில் செய்யச் சொன்ன இரண்டு பயிற்சிகளுக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு ஒத்தடமும் மசாஜும் இருக்கின்றன. நாள்பட்ட வலிக்கான பட்டியலில் உடற்பயிற்சிதான் முன்னால் நிற்கிறது. என் நாற்காலிக் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் என்னைக் கேட்கவேண்டாம். எனக்கு அது இன்னும் வரவில்லை.

இந்த ஆடிக்கும் குற்றாலம் போவேன். முதுகைக் கொடுப்பேன், கழுத்தைக் கொடுக்க மாட்டேன்.