சென்னையிலிருந்து பைன் காட்டு நடை: ஊட்டியா, கொடைக்கானலா, பேசாமல் ஏலகிரியா?

அரையாண்டுப் பரீட்சை முடியும் சமயத்தில் சென்னையில் பல வீடுகளில் இதே பேச்சுதான். பிள்ளைகளை ஒரு மலைக்குக் கூட்டிப்போக வேண்டும், பைன் காட்டில் நடக்கவிட வேண்டும். ஊட்டியா, கொடைக்கானலா? படங்களைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. இரண்டு ஊர்ப் படங்களிலும் அதே நெட்டை மரங்கள், அதே வெயில் கீற்று. வித்தியாசமெல்லாம் படத்தில் வராத விஷயங்களில் இருக்கிறது: பிள்ளையை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டியிருக்கும், வளைவுகளை அதன் வயிறு தாங்குமா, சரிவில் இறங்கிய பாட்டி திரும்ப ஏறிவிடுவாரா. வீட்டிலேயே சின்னக் கால் யாருடையதோ, அந்தக் காலுக்கு ஏற்ற இடம்தான் சரியான இடம் என்பது என் கட்சி.

சென்னைக்குப் பக்கத்தில் பைன் காடு கிடையாது. ஈசிஆர் ஓரத்தில் பார்ப்பதெல்லாம் சவுக்கு. தூரத்திலிருந்து பைன் சாயல் தெரிந்தாலும் குடும்பமே வேறு. நம் ஊரில் பைன் காடு என்றால் குளிர்ந்த மலை உச்சிகள்தான். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து சாலை வழியாக இரண்டுமே 500 கிலோமீட்டருக்கு மேல். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரவு ரயில்தான் வழி.

அந்த ரயிலிலேயே முதல் வித்தியாசம் வந்துவிடுகிறது. சென்ட்ரலில் இரவு ஏறும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் விடுகிறது. பிள்ளை தூங்கி எழுந்து, பல் தேய்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டு மலை ஏறலாம். எழும்பூரிலிருந்து கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போனால் கொடைரோடு வருவது விடியும் முன்பே. நல்ல தூக்கத்தில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையையும் இழுத்துக்கொண்டு இருட்டில் இறங்க வேண்டும். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி 50 கிலோமீட்டர் சொச்சம்தான். கொண்டை ஊசி வளைவு இரண்டிலும் உண்டு. ஆனால் தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றோடு வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வாந்தி எடுத்தால், அன்றைய நடை அங்கேயே முடிந்தது. சாயங்காலம் வரை சுருண்டுதான் கிடக்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் அது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். இருந்தாலும் 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் போல ஆகிவிடும். நடக்கத்தான் போகிறோம் என்றால் குன்னூர் வரை பஸ்ஸிலோ வேனிலோ போய், குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் போங்கள். ஆசையும் தீரும், கால்களில் தெம்பும் மிச்சமிருக்கும்.

காடு எப்படி?

ஊட்டியில் பைன் காடு என்றால் தலைகுந்தா. கூடலூர் சாலையில் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சாலையோரத்தில் இறங்கி, மரங்களுக்கு நடுவே சரிவில் இறங்கிக்கொண்டே போனால் கீழே காமராஜ் சாகர் அணையின் நீர்ப்பரப்பு தெரிகிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். 'அந்தத் தண்ணீர் தெரியும் இடம் வரை போகலாம்' என்று ஓர் இலக்கைக் காட்டினால் அழாமல் நடப்பார்கள். கஷ்டம் திரும்பும்போதுதான். இறங்கிய அவ்வளவையும் ஏற வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்கள் பாதிச் சரிவோடு நின்றுகொள்வது நல்லது.

கொடைக்கானல் பைன் காட்டுக்கு வயது அதிகம். பிரையண்ட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி 1906-ல் ஆரம்பித்த நடவு அது. ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பிரையண்ட் பூங்காவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மரங்கள் கம்பீரமாக இருக்கின்றன, மூடுபனி இறங்கும் நேரத்தில் ஊட்டியை விட இதுதான் அழகு. ஆனால் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் போகும் அதே சாலையில் இருப்பதால், சுற்றுலா வேன்கள் வரிசையாக வந்து நிற்கும் இடம் அது. விடுமுறை நாளில் காட்டின் சத்தத்தை விட மனிதச் சத்தம்தான் அதிகம். ஒன்பது மணிக்கு முன்னால் போய்விட்டால் வேறு காடு மாதிரி இருக்கும்.

இரண்டு காட்டுக்கும் பொதுவான ஒன்று, கீழே கிடக்கும் ஊசியிலைச் சருகு. மெத்து மெத்தென்று இருக்கும், சரிவில் கால் வைத்தால் அப்படியே வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், பள்ளிக்கூட ஷூவே போதும். இந்தச் சருகு மூடியிருப்பதால் புதர், முள் எல்லாம் அதிகம் முளைப்பதில்லை. பிள்ளை பத்தடி முன்னால் ஓடினாலும் கண்ணில் படும். சின்னப் பிள்ளைகளோடு நடக்கப் பைன் காடு தோதான இடம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஓர் ஊசிக் கொத்தை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். அடியில் ஒரு பழுப்பு உறை, அதிலிருந்து பெரும்பாலும் மூன்று ஊசிகள் ஒன்றாகக் கிளம்பியிருக்கும். எண்ணச் சொன்னால் நாலு உள்ள கொத்தைத் தேடி அரை மணி நேரம் அலைவார்கள்.

பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பைன் இந்த மலைகளின் மரம் இல்லை. இங்கே அதிகம் நட்ட பட்டுலா வகைக்குப் பூர்வீகம் மெக்சிகோ. சோலைக்காடும் புல்வெளியும் இருந்த இடங்களில் பைன், யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். அதனால் பைன் காட்டைப் பார்த்த கையோடு ஒரு சோலைக்காட்டையும் பார்க்க வேண்டும். நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் போனால் போதும். பாசி படிந்த குட்டை மரங்கள், ஈர மண் வாசனை, பறவைச் சத்தம். பைன் காட்டில் ஏன் இவ்வளவு அமைதி என்று அங்கே போனதும் பிள்ளையே கேட்கும்.

நடைக்கு எது?

உண்மையைச் சொன்னால் இரண்டு பைன் காட்டிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க ஒன்றுமில்லை. ஒரு முழு நாள் நடை வேண்டுமென்றால் சுற்றுப்புறத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே கொடைக்கானல் முந்திக்கொள்கிறது. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதளம். கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர், தாத்தா பாட்டியும் நடக்கலாம். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் என்றால் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ். வேர்கள் படிக்கட்டு போலக் குறுக்கே ஓடும் செங்குத்தான இறக்கம், முடிவில் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. அந்தப் பாறை முனையில் பிள்ளையின் கையை விடவே கூடாது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பக்கமே வேண்டாம்.

ஆக, எட்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் ஊட்டி. எல்லாரும் பத்தைத் தாண்டியிருந்தால் கொடைக்கானல். வாகமண் பைன் காட்டைப் பற்றியும் கேட்பார்கள். அழகுதான், ஆனால் கோட்டயம் வரை ரயிலில் போய் அதற்கு மேல் மலை ஏற வேண்டும். கேரளச் சுற்றுலாவோடு சேர்த்துப் போனால் சரி, அதற்காக மட்டும் போவது பிள்ளைகளுக்கு அலைச்சல்.

சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறதா? அப்படியென்றால் பைனை விட்டுவிட்டு ஏலகிரிக்குப் போங்கள். ஜோலார்பேட்டைக்குப் பகல் ரயிலிலேயே போய்விடலாம், மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள்தான். சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதை ஒரு நல்ல காலை நேர நடை. பைன் இல்லை, குளிரும் குறைவு, ஆனால் இரண்டு இரவு ரயிலில் போய்வரும் களைப்பு இல்லாமல் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும். முதல் தடவை மலை ஏறும் குடும்பத்துக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கே போனாலும் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போவோருக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். கோடை விடுமுறையில் கடைசி நிமிடத்தில் கிளம்ப நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை உண்டு, வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைக்கவும், குரங்கு பிள்ளை கையைத்தான் குறி வைக்கும். காட்டுமாடு எதிரில் வந்தால் படம் எடுக்க நிற்காமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காடு காய்ந்து கிடக்கும், பைன் சருகு எளிதில் பற்றிக்கொள்ளும். 2018 மார்ச்சில் குரங்கணியில் 20 பேருக்கு மேல் பலியான காட்டுத்தீயைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. இறந்தவர்களில் நம் ஊரிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அந்த மாதங்களில் சாலையோரப் பைன் காட்டோடு நின்றுகொள்ளுங்கள், அனுமதியில்லாத பாதையில் யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம். மற்ற மாதங்களில் இன்னும் உள்ளே நடக்க ஆசை இருந்தால், வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் எளிய பாதையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வழிகாட்டி கூடவே வருவார்.