உதகைக் குளிருக்கு விறகு சேமித்தல்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில், டிசம்பர், ஜனவரி மாத உறைபனி இரவுகளைக் கணப்பு இல்லாமல் பழைய ஓட்டு வீட்டில் கழிப்பது எளிதன்று. கணப்புக்கான விறகைப் பெரும்பாலோர் குளிர் தொடங்கும் வேளையில்தான் தேடுகிறார்கள். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுவதால், நவம்பரில் வந்து இறங்கும் விறகு உலர்வதற்கு வெயிலே கிடைப்பதில்லை. எடைக்கு விற்கப்படும் பொருள் என்பதால், பச்சை விறகை வாங்குபவர் அதிலுள்ள தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். ஆகவே நான் பிப்ரவரியிலேயே விறகை இறக்கி, உடனே பிளந்து, மே முடியும்வரை வெயிலும் காற்றும் படும்படி அடுக்கி வைக்கிறேன்.

இங்கு எளிதில் கிடைப்பவை சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). தோல் பதனிடும் பட்டைக்காக வளர்க்கப்பட்ட சீகை, இன்று காடுகளை ஆக்கிரமித்த அயல் மரமாகக் கருதப்பட்டாலும், கணப்புக்கு அதைவிட நல்ல விறகை நான் பயன்படுத்தியதில்லை. தணல் நெடுநேரம் நிற்கிறது. கற்பூர மரமும் நன்றாகவே எரியும், ஆனால் காய்ந்தபின் அதன் முறுக்கிய நார் கோடரிக்கு மசியாது என்பதால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும்.

கொட்டகைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஹாலோ பிளாக் கற்கள், அவற்றின்மேல் மரச்சட்டங்கள், தலைக்குமேல் முன்புறம் நீண்ட தகரக் கூரை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி ஆகியவை போதும். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். தார்ப்பாயை நான்கு புறமும் தரைவரை இழுத்துக் கட்டினால், விறகிலிருந்து வெளியேறும் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பூத்துவிடும். திறந்த கொட்டகையிலும் ஒரு குறை உண்டு: ஜூலை மாதச் சாரல் மேற்குப் பக்க வரிசையை நனைத்துவிடுகிறது. அங்கு மட்டும் இடைவெளி விட்டுப் பலகைகள் அடித்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

ஈரத்தை அளக்க இரு ஊசிகள் கொண்ட சிறிய ஈரமானி வைத்திருக்கிறேன். கட்டையின் வெளிப்பரப்பில் குத்தினால் அது ஆறுதலான பொய்யையே சொல்லும். புதிதாகப் பிளந்த உட்பகுதியில் குத்தி, 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மட்டுமே எரிக்கலாம். கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்க்கலாம்: உலர்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அதோடு, அரைகுறையாக எரிந்த புகை புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிந்து, பின்னொரு நாள் அதுவே தீப்பற்றவும் கூடும். உலர்ந்த விறகுக்கு மாறியபின் எங்கள் புகைபோக்கியில் படியும் கரி கண்கூடாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதை விடவில்லை.

வீட்டுக்குள் இரண்டு, மூன்று நாள் தேவைக்கு மேல் விறகு வைப்பதில்லை. துளைப்பூச்சியும் கரையானும் அதனுடன் உள்ளே வந்துவிடும் என்பதோடு, கணப்பிலிருந்து தெறிக்கும் பொறிக்கு அருகில் பெருங்குவியல் இருப்பது ஆபத்து.