முப்பது கிலோ இறைச்சிக்கு எந்தப் பை?

நோர்வேயிலிருந்து வந்த அக்காவின் மகன் இந்த முறை சூட்கேஸ் கொண்டுவரவில்லை. மூன்று பழைய இராணுவ முதுகுப்பைகளுக்குள் சொக்கிலேட்டையும் பிள்ளைகளின் உடுப்புகளையும் அடைத்துக்கொண்டு வந்து, விறாந்தையில் வரிசையாகச் சாத்தி வைத்தான். ஒன்று அமெரிக்கப் பை, ஒன்று பிரித்தானியப் பை, மற்றது சுவீடன் பை. ஆகஸ்ட் 20இல் ஹர்டாங்கர்விடா மேட்டுநிலத்தில் பனிமான் வேட்டை தொடங்குகிறதாம். இவற்றில் எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று மாமா சொல்லவேண்டுமாம்.

நான் துவக்குத் தூக்கியவன் இல்லை. இங்கே இலங்கையில் மான் சுட்டால் 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மறியலுக்கு அனுப்பும். அவன் அங்கே பரீட்சை எழுதி, உரிமம் எடுத்துச் சுடுகிறான். ஆனால் சுமை தூக்கியிருக்கிறேன். செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து கதிர்காமம்வரை இரண்டு தடவை நடந்திருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, உரப்பையில் அரிசியையும் பாத்திரங்களையும் கட்டி முதுகில் போட்டு நாவற்குழிப் பக்கம் அடி அடியாக நகர்ந்தவர்களில் நானும் ஒருவன். பாரம் கீழே தொங்கி ஆடினால் முதுகு என்ன பாடுபடும் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

உருமறைப்புத் துணியில் தைத்த பையைக் கொண்டுவராதே என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சோதனைச்சாவடியில் நின்று ஹர்டாங்கர்விடா கதை சொல்ல எனக்கு ஏலாது. வந்தவை வெறும் பச்சைதான். அதைக் கண்டே பக்கத்து வீட்டு ஆச்சி, "தம்பி, இதுகளை ஏன் விறாந்தையில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு, தானே உள்ளே இழுத்து வைத்துவிட்டார்.

பை விற்பவர்கள் எத்தனை லீற்றர் கொள்ளும் என்றுதான் பேசுகிறார்கள். அது போகும் வழிக்கான கணக்கு. கூடாரம், படுக்கை, தேநீர்க் குடுவை எல்லாம் உருவம் உள்ள பொருட்கள். எந்தப் பையிலும் ஒழுங்காக உட்காரும். திரும்பும் வழிதான் வேறு. ஒரு பெண் பனிமானைத் துண்டுபோட்டால் முப்பது கிலோவரை இறைச்சி கிடைக்கும் என்கிறான் மருமகன். அது ஈரமாக இருக்கும், உருவமில்லாமல் சரியும், துணி கடந்து கசியும். காரை விட்ட இடம் பல கிலோமீற்றர் தொலைவில். அந்த நடைக்கு எந்தப் பை என்பதுதான் கேள்வி.

அதனால் வடமராட்சிக் கடலோரத்து மணற்காட்டுக்குப் போனோம். ஈர மணலை உரப்பையில் 25 கிலோ அளந்து கட்டினோம். இறைச்சியைப் போலவே சரியும், சொட்டும். மணல் மேடுகளில் ஏறி இறங்கினோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "டிப்பரை விட்டுவிட்டு இப்போது முதுகிலா மணல் கடத்துகிறார்கள்?" என்று சிரித்தார்.

சுவீடனின் எல்கே 35 முதலில் கழிந்தது. பழைய பருத்திக் கன்வஸ், உருக்குக் குழாய்ச் சட்டகம், 35 லீற்றர். அழகான பை. பற்றைக்குள் உரசினாலும் சத்தமே இல்லை. மானை நெருங்குகிறவனுக்கு அது சின்ன விடயம் அல்ல. ஆனால் 25 கிலோவை ஏற்றியதும் ஒல்லியான தோள்பட்டிகள் சதைக்குள் இறங்கிவிட்டன. இடுப்பில் பாரத்தை வாங்க மெத்தைப் பட்டி கிடையாது. இரத்தம் பட்டால் கன்வஸ் குடித்துவிடும். காலையில் போய் மாலையில் திரும்பும் பறவை வேட்டைக்கு இதை எடுக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

பிரித்தானியப் பை, அவர்கள் பேர்கன் என்று அழைப்பது, மருமகனின் செல்லப் பிள்ளை. பக்கப் பைகள் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 120 லீற்றர். அந்தப் பெயரின் வேரே வேட்டையில்தான் இருக்கிறது. நோர்வேக்காரரான ஓலே பேர்கன், வேட்டைக்குப் போன இடத்தில் சாக்குப் பை முதுகை அறுத்ததால், முதுகின் வளைவுக்கு ஏற்ப ஒரு சட்டகத்தை வளைத்து, 1909இல் காப்புரிமை பெற்றார் என்பார்கள். வேட்டைக்காரனின் பை படைக்குப் போய், பழசாகி, மறுபடி வேட்டைக்காரனிடமே மலிவு விலைக்கு வருகிறது.

மேட்டில் ஏறும்போது மூன்றிலும் சுகமானது இதுதான். சட்டகம் உள்ளே இருப்பதால் பாரம் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, இடுப்புப்பட்டி தடிப்பானது. பக்கப் பைகளைச் சிப் இழுத்துக் கழற்றி, இரண்டையும் பட்டிகளால் இணைத்தால் சிறிய முதுகுப்பை ஆகிவிடும்: பெரியதைக் கூடாரத்தில் விட்டுவிட்டுச் சின்னதோடு மானைத் தேடிப் போகலாம். நல்ல மூளைதான். ஆனால் முதுகு நீளம் குட்டை, நெட்டை என இரண்டு அளவில் வருகிறது. மருமகன் ஆறடி, வாங்கியதோ குட்டை. இடுப்புப்பட்டி அவனுக்கு விலாவில் நின்றது, எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. இன்னொன்று, மணல் மூட்டையை உள்ளே விட்டால் அது அடிவரை சரிந்து, 1995இன் உரப்பையைப் போலவே பின்னால் இழுக்கிறது. அடியில் படுக்கையைத் திணித்து, மேலே மூட்டையை ஏற்றினால்தான் சரிவருகிறது. அப்போது இறைச்சி சொட்டுவது படுக்கையில்தான்.

அமெரிக்க அலிஸ் பையைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. 1973இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட வகை. அலுமினியக் குழாய்களைத் தறையாணி அடித்து இணைத்த சட்டகம். ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிடும். இடுப்புப்பட்டி வெறும் நாடா. பெரிய அளவுப் பை 60 லீற்றருக்குச் சற்று மேல், அதற்கு விதித்த உச்சச் சுமை 70 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 32 கிலோ.

ஆனால் பையைச் சட்டகத்திலிருந்து முழுதாகக் கழற்றிவிடலாம். கழற்றினோம். வெறும் சட்டகத்தில் மூட்டையை நிமிர்த்தி வைத்து, தேங்காய்க் கயிற்றால் மேலும் கீழும் குறுக்கே இறுக்கினோம். பாரம் தோளுக்கு நெருக்கமாக ஏறி நின்றது, ஆடவில்லை. ஈரம் சட்டகத்தின் வழியே வழிந்து நிலத்தில் விழுந்தது. மருமகன் ஒன்றும் சொல்லாமல் இரண்டு மேடு கடந்தான். இடது தோள்பட்டியில் ஒரு இழுப்பில் கழலும் கொளுவி இருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது கால் வழுக்கினால் பாரத்தை உதறிவிடலாம். கிறீச்சொலிக்கு மூட்டுகளில் துணி நாடா சுற்றினேன், பாதி அடங்கியது. மெத்தை வைத்த வேறு இடுப்புப்பட்டி ஒன்றை மாட்டச் சொல்லியிருக்கிறேன். அதைச் செய்தால் என் வாக்கு அலிஸுக்கே.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. "இராணுவப் பாணி" என்று விற்பதில் பெரும்பகுதி சந்தைப் போலி. உட்புறச் சீட்டில், நேட்டோ படைகள் தங்கள் பொருட்களுக்கு இடும் 13 இலக்க எண்ணைத் தேடுங்கள்: 8465 என்று தொடங்கி, அடுத்து 00 அல்லது 01 வந்தால் அமெரிக்கா, 99 வந்தால் பிரித்தானியா. சீட்டையும் போலியாக அடிப்பார்கள் என்பதால் அதோடு நிற்காமல், பைக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உட்பூச்சு பிசுபிசுத்தால் அது உரிந்து வரும் காலம். தோள்பட்டி தைத்திருக்கும் மேல்மூலையை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள், நூல் அங்கேதான் முதலில் விடும். அலிஸ் சட்டகத்தில் தறையாணிகளைச் சுற்றி வெடிப்புப் பாருங்கள். எல்கேயில் துரு.

சுவீடன் பையை எனக்கே விட்டுவிட்டுப் போனான். ஏழு கிலோ மரவள்ளிக்கிழங்கோடு சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் வர அது போதும். மற்ற இரண்டையும் எடுத்துப் போனவன், நேற்று ஒஸ்லோவிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். அலிஸ் சட்டகம் குழாய்த் தண்ணீரில் கழுவி, பளிச்சென்று சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் பேர்கனைத் தலைகீழாகப் பிடித்து உதறுகிறான். அதன் அடிமூலைத் தையலிலிருந்து இன்னும் மணற்காட்டு மணல் கொட்டிக்கொண்டிருக்கிறது.