8 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் மடிக்கணினிக்கு எவ்வளவு ஸ்வாப் போதும்?

ரேமைப் போல இரு மடங்கு ஸ்வாப் (ரேமில் இடம் போதாதபோது அதிலுள்ளதை எழுதி வைக்க வட்டில் விடும் இடம்) ஒதுக்க வேண்டும் என்ற அறிவுரை, ரேமை மெகாபைட்டில் எண்ணிய காலத்துக்குரியது. 8 ஜிபி ரேம் கொண்ட மடிக்கணினியில் உபுண்டுவைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நான், ஸ்வாப் இல்லாமலும், 2 ஜிபி, 4 ஜிபி என்ற அளவுகளிலும் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடிக்கடி எழுதுவதால் எஸ்எஸ்டி வட்டு தேயாமல் இருக்க ஸ்வாப்பை அடியோடு நீக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்வாப் இல்லையென்றால், நிரல்கள் தாமாக உருவாக்கி வெகு நேரம் தொடாமல் விட்டிருக்கும் தரவைக் கெர்னலால் (லினக்ஸின் மையப் பகுதி) ரேமிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆகவே அது கோப்புகளிலிருந்து ரேமில் ஏற்றிய பகுதிகளை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறை உட்பட, நீக்கிவிட்டு மீண்டும் மீண்டும் வட்டிலிருந்து படிக்கிறது. பிரவுசருடன் ஒரு மெய்நிகர் கணினியும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓடும் நேரத்தில் மவுஸ் நகராமல் நிற்பதும், இறுதியில் ஏதேனும் ஒரு நிரல் கெர்னலால் நிறுத்தப்படுவதும் இதனால்தான்.

2 ஜிபி வைத்திருந்தபோது அன்றாட வேலைக்குக் குறையொன்றும் இல்லை. மெய்நிகர் கணினியைத் திறந்தால் மட்டும் அது நிரம்பிவிடும். 4 ஜிபிக்கு மாற்றிய பிறகு அந்தச் சிக்கலும் இல்லை. போதுமா என்று அறிய, ஸ்வாப்பில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைக் காட்டிலும், 'விஎம்ஸ்டாட் 1' கட்டளையில் வரும் 'எஸ்ஐ' (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), 'எஸ்ஓ' (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரு பத்திகளைப் பார்ப்பதே சரியானது. ஒரு ஜிபி நிரம்பியிருந்தும் இவ்விரண்டும் பூஜ்ஜியத்திலேயே நின்றால் கவலையில்லை. இரண்டும் இடைவிடாமல் பெரிய எண்களைக் காட்டினால் தேவைப்படுவது ரேம், கூடுதல் ஸ்வாப் அல்ல.

ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) பயன்படுத்துவோருக்குக் கணக்கு வேறு. ரேமில் உள்ளது ஸ்வாப்பில் எழுதப்படுவதால், குறைந்தது ரேமின் அளவாவது ஒதுக்குவது பாதுகாப்பானது. 2 முதல் 8 ஜிபி வரை ரேம் உள்ள கணினிக்கு ரெட் ஹாட் நிறுவனம் ரேமுக்குச் சமமான ஸ்வாப்பையும், ஹைபர்னேட் வேண்டுமானால் இரு மடங்கையும் பரிந்துரைக்கிறது. ஹைபர்னேட் இல்லாத என் பயன்பாட்டுக்கு 8 ஜிபி அதிகம் என்பதே என் கருத்து.

உபுண்டு 17.04 முதல் புதிய நிறுவல்களில் வட்டில் பிரித்த தனிப் பகுதிக்குப் பதிலாக ஸ்வாப் கோப்பே இயல்பாக அமைவதால், அளவை மாற்ற வட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. அளவை மாற்றுமுன் ஸ்வாப்பை நிறுத்தும் 'ஸ்வாப்ஆஃப்' கட்டளையைக் கொடுக்கும்முன் பிரவுசரை மூடிவிடுங்கள். ஸ்வாப்பில் இருப்பதெல்லாம் ரேமுக்குத் திரும்பி வர இடம் வேண்டும்.