பி.பி.எட். சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் எங்கள் ஊர் பேருந்து நிலையச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். "பி.பி.எட்., எம்.பி.எட். நேரடி சேர்க்கை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்." கீழே ஒரு செல்போன் எண். பி.பி.எட். என்றால் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான பட்டப் படிப்பு, எம்.பி.எட். அதற்கு அடுத்த மேற்படிப்பு. எண் புதிது, வாசகம் பழையது. 2021-ல் என் அப்பா கையில் கொடுத்த நோட்டீஸிலும் எழுத்து மாறாமல் இதுதான் இருந்தது. அதை நம்பி இரண்டு வருடமும் அம்மாவின் வளையலும் போயின. இது சேர்க்கை நேரம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு வளர்கிறவர்கள். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பள்ளியில் எங்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த சார் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவர்தான் என்று மழை பெய்து கிரவுண்ட் ஊறிக் கிடக்கும் நாட்களில் சார் கதை சொல்வார். "பி.டி. மாஸ்டர்னா விசில் ஊதுற ஆளுன்னு நினைக்காதம்மா. பிள்ளை எப்படி விழுது, எங்க வலிக்குதுன்னு பார்த்தவுடனே தெரியணும்" என்பார். எட்டாம் வகுப்பிலேயே எனக்கு ஆசை வந்துவிட்டது, ஒரு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்று. பி.ஏ. வரலாறு முடித்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தது. ஐம்பது சதவீதத்துக்கு மேல் மதிப்பெண்ணும் இருந்தது. பி.பி.எட்.டுக்கு அது போதும்.

கொரோனா ஊரடங்கில் எல்லாம் குழம்பிக் கிடந்த நேரம். சார் அப்போது உடம்பு முடியாமல் இருந்தார், அவரிடம் கேட்கவில்லை. அது என் தவறு. தெரிந்தவர் மூலமாக ஒரு கன்சல்டன்சிக்காரர் வீட்டுக்கே வந்தார். "அண்ணாச்சி, பாப்பாவுக்கு மார்க் இருக்கு, இன்டர் காலேஜ் சர்டிபிகேட் இருக்கு, வேற என்ன வேணும்? 2017-ல பி.டி. டீச்சருக்கும் சேர்த்து ஸ்பெஷல் டீச்சர் எக்ஸாம் வச்சாங்க. அடுத்தது எப்ப வேணா வரும். அதுக்குள்ள கையில டிகிரி இருக்கணும்ல" என்றார். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி, லேமினேஷன் செய்த ஒரு காகிதத்தைக் காட்டினார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., கொடுத்த அங்கீகார ஆணையின் நகல். முத்திரை, கோப்பு எண், கையெழுத்து எல்லாம் இருந்தன. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அந்தக் காகிதம் போலி இல்லை. அதனால்தான் நாங்கள் விழுந்தோம்.

பிறகுதான் தெரிந்தது. ஆணை 2007-ஆம் ஆண்டினுடையது. அதில் "ஓராண்டு பி.பி.எட்." என்று தெளிவாக அச்சாகியிருந்தது. 2014-ல் வந்த என்.சி.டி.இ. விதிமுறைகளுக்குப் பிறகு பி.பி.எட். இரண்டு வருடப் படிப்பு, நான்கு செமஸ்டர். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கல்லூரிகளுக்கு 2015-ல் திருத்திய ஆணைகள் கொடுத்தார்கள். ஓராண்டு என்று எழுதிய ஆணையைக் காட்டி இரண்டாண்டுப் படிப்புக்கு ஒருவர் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிட வேண்டும். நாங்கள் மூன்று பேரும் அந்த வரியைப் படித்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதலில் 65,000 கட்டினோம். அடுத்து டிராக் சூட், ஷூ, ரெக்கார்டு நோட்டு, "யுனிவர்சிட்டி பீஸ்" என்று 45,000. அம்மாவின் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த பணம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், மாற்றுச் சான்றிதழ் என அசல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஓடச் சொல்லவில்லை, குண்டு எறியச் சொல்லவில்லை, என்ன விளையாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல உடற்கல்விக் கல்லூரியில் சேர்க்கைக்கே உடற்திறன் பார்ப்பார்கள். இங்கே ரசீது புத்தகம் மட்டும்தான் வெளியே வந்தது. ரசீதிலும் படிப்பின் பெயர் இல்லை, "நன்கொடை" என்று இருந்தது.

முதல் நான்கு மாதம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்தது. ஊரடங்கு என்பதால் சந்தேகப்படவில்லை. 2022 பிப்ரவரியில் நேரில் வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கல்லூரிக் கட்டடம் பளபளவென்று இருந்தது, பின்னால் இருந்த மைதானத்தில் சீமைக்கருவேலம் ஆளுயரத்துக்கு நின்றது. நடுவில் ஒரு கைப்பந்து வலைக்கான கம்பம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருபத்திரண்டு பேர் சேர்ந்திருந்தோம். உடற்கூறியலும் உளவியலும் நிர்வாகமும் ஒரே சார்தான் எடுத்தார், கைடைப் பார்த்து வாசிப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் ஐந்து மாதச் சம்பளம் பாக்கி.

ஒரு நாள் காலையில் போனபோது முள் எல்லாம் வெட்டிக் குவிக்கப்பட்டிருந்தது. யாரோ ஆய்வுக்கு வருகிறார்களாம். பத்து மணிக்கு ஒரு மினி லாரி வந்தது. ஹர்டில்ஸ், ஷாட்புட், ஜாவலின், மெத்தை, டம்பெல்ஸ், லெசியம் எல்லாம் இறங்கின. ஹர்டில்ஸின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த வாடகைக்கடைச் சீட்டை ஒரு அண்ணன் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். கோட்டும் டையுமாக ஏழெட்டுப் பேர் வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு அதே லாரியில் எல்லாம் ஏறிப் போயின. ஒரு ஹர்டிலைத் தொட்டுப் பார்த்தேன். என் உடற்கல்விப் படிப்பின் முதல் வருடத்தில் நான் தொட்ட ஒரே சாதனம் அதுதான்.

முதல் செமஸ்டர் தேர்வை "கொரோனாவால் தள்ளிவைத்திருக்கிறார்கள்" என்றார்கள். ஜூலையில் எங்களைப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே இருந்த உடற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். விளையாட்டு விழா வருகிறது, "200 மீட்டர் டிராக் போட்டுரும்மா" என்று கயிறு, ஆணி, டேப், சுண்ணாம்புப் பொடி எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் என்னைச் சுற்றி நின்றார்கள், டீச்சர் என்ன சொல்வார் என்று. எனக்கு எங்கே முதல் ஆணி அடிப்பது என்று தெரியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவர் எழுந்து வந்தார். திட்டவில்லை. ஒரு குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினார். நம் இடத்துக்கு இரண்டு நேர்ப்பகுதியும் 40 மீட்டர் வைத்தால் 80 ஆயிற்று. மீதி 120 மீட்டர் இரண்டு வளைவுக்கு. அதை 2π-ஆல் (π என்றால் 3.1416) வகுத்தால் 19.10 மீட்டர், இதுதான் ஆர்.டி.ஆர்., பிள்ளை ஓடுகிற கோட்டின் ஆரம். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓட்டத்தை அளப்பார்கள், அதனால் அதைக் கழித்து 18.90-ல் கயிற்றைப் பிடித்து உள்கோடு போடு. லேன் அகலம் 1.22. அரை மணி நேரத்தில் வளைவு கிடந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உங்க காலேஜ்ல டிராக் மார்க்கிங் எடுக்கலையாம்மா?" கிரவுண்டே இல்லை சார் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஹால் டிக்கெட் வந்துச்சா? கல்லூரி பேரைச் சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலம் அவருடைய போனிலேயே பார்த்தோம். என்.சி.டி.இ. தளத்தில் மாநில வாரியாக, படிப்பு வாரியாக அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. எங்கள் கல்லூரியின் பெயர் பி.பி.எட். வரிசையில் இல்லை. தென் மண்டலக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் அங்கேயே கிடக்கும். அவற்றைத் தேடினால், நாங்கள் சேருவதற்கு முன்பே அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அடுத்த வாரம் நானும் அப்பாவும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அந்த வருடம் அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவர்கூடப் பதிவாகவில்லை என்றார். பத்து மாதமாக நான் எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவியும் இல்லை. அப்பா அலுவலகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

1993-ஆம் ஆண்டின் என்.சி.டி.இ. சட்டத்தில் 17-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அங்கீகாரம் போன பிறகு ஒரு நிறுவனம் நடத்தும் ஆசிரியர் படிப்பில் வாங்கும் பட்டம் அரசு வேலைக்கோ அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கோ செல்லாது. நன்றாகப் படித்தாலும், தேர்வே நடத்திச் சான்றிதழே கொடுத்தாலும் செல்லாது.

கேட்கப் போனபோது கல்லூரியில் கூலாக வேறு வழி சொன்னார்கள். வடக்கே ஒரு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம், வகுப்புக்குப் போகவே வேண்டாம், தேர்வுக்கு மட்டும் ரயில் ஏறினால் போதும், இன்னும் 80,000 கட்டுங்கள் என்று. எங்களில் ஒன்பது பேர் கட்டினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போட்ட பணம் போகக்கூடாதே என்கிற பயம்தான். அவர்களில் ஒருத்தி என் தோழி. உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலை கிடைக்கிற நேரத்தில் உண்மைத்தன்மைச் சான்று கேட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி எழுதிப் பார்த்தாள், பதிலே வரவில்லை, வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. என்.சி.டி.இ.-யின் 2014 விதிமுறைகளில் தொலைநிலையில் நடத்த பி.எட்.டுக்கு இடம் உண்டு, பி.பி.எட்.டுக்கு இல்லை. உடம்பை வைத்துக் கற்கிற படிப்பை வீட்டிலிருந்து எப்படி முடிப்பது? "வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அதுவே போதும், விசாரிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நான் விலகுகிறேன் என்றதும் அசல் சான்றிதழ் வேண்டுமானால் இரண்டாம் வருடக் கட்டணத்தையும் கட்டு என்றார்கள். இந்த இடத்தில் பயந்துவிடாதீர்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018-லேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த அறிவிப்பின் நகலை இணைத்து, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுத்தேன். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். மூன்றாவது வாரம் சான்றிதழ்கள் கைக்கு வந்தன. 1,10,000-ல் 30,000 மட்டும் திரும்பி வந்தது. ரசீதில் "நன்கொடை" என்று இருந்ததால் மீதிக்கு இன்னும் அலைகிறேன். கன்சல்டன்சிக்காரர் எண்ணை மாற்றிவிட்டார்.

சேரப் போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஆணையின் நகலை அவர்கள் கையில் பார்க்காதீர்கள், என்.சி.டி.இ. தளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் படிப்புக்கு என்று பாருங்கள். டி.பி.எட். என்கிற உடற்கல்விப் பட்டயப் படிப்புக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு பி.பி.எட். நடத்துகிற இடமும் இருக்கலாம். எத்தனை இடம், எந்த முகவரி என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் உடற்கல்விக் கல்லூரிகளை இணைத்திருப்பது சென்னை மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அங்கே போன் போட்டு இந்த வருடம் இந்தக் கல்லூரியில் சேர்க்கைக்கு அனுமதி உண்டா என்று கேட்கலாம், ஐந்து நிமிட வேலை. பணத்தை வங்கி வழியாகக் கல்லூரிக் கணக்கில் கட்டுங்கள், ரசீதில் படிப்பின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு நாள் அதிகாலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் மைதானத்தைப் பாருங்கள். நல்ல உடற்கல்விக் கல்லூரியில் அந்த நேரத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஒரு சார் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பார், வரைந்த கோடு தெரியும். வாசலில் கோலமும் ஃபிளெக்ஸும் எப்படி இருந்தாலும் சரி, மைதானம் பொய் சொல்லாது.

நான் 2023-ல் முறையாக அங்கீகாரம் உள்ள ஒரு கல்லூரியில் மறுபடி முதல் செமஸ்டரிலிருந்து சேர்ந்தேன். இந்த வருடம் முடித்தேன். டிராக் மார்க்கிங் செய்முறைத் தேர்வில் என் முறை வந்தபோது கை நடுங்கியது. கயிற்றை எடுத்து நடுப்புள்ளியில் ஆணி அடித்தேன். முடித்ததும் அந்தப் பள்ளி சாருக்கு வளைவின் படத்தை அனுப்பினேன். "லேன் கோடு ரெண்டாவது இடத்துல கொஞ்சம் தடிமனா இருக்கு, 5 சென்டிமீட்டர்தான் இருக்கணும்" என்று பதில் வந்தது.

அந்த 2021 கூட்டத்தில் சேர்ந்திருந்த இருபத்திரண்டு பேரில் பதினோரு பேரோடு எனக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது. மீதிப் பேரில் யாராவது இதைப் படித்தால், ரசீது எந்தப் பெயரில் இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எனக்குச் செய்தி அனுப்புங்கள். கூட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சுவரொட்டியையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் மனுவோடு சேர்க்கிறோம்.