தின்பிரெப் குப்பி: ரத்தம் கலந்த மாதிரியில்தான் உண்மையான சவால்

கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு எடுத்த செல்களை நேராக ஸ்லைடில் தேய்ப்பது நேரடி ஸ்மியர்; குப்பித் திரவத்தில் கலந்து, மெஷினில் ஃபில்டர் வழியே வடித்து ஸ்லைடில் பதிப்பது தின்பிரெப். நேரடி ஸ்மியரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தின்பிரெப் ஸ்லைடு பெரிய நிம்மதி. கருப்பை வாய்ச் செல்கள் குவியாமல், 20 மி.மீ. வட்டத்துக்குள் மெல்லிய அடுக்காகப் பரவியிருக்கும். சளியும் ரத்தமும் பெருமளவு போயிருக்கும்; காற்றில் உலர்ந்து ஊதிப்போன செல்கள் அரிது. குப்பியில் மீதியுள்ள திரவத்திலேயே, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸுக்கான சோதனையும் செய்யலாம். அதற்காக அந்தப் பெண்ணை இன்னொரு முறை வரச் சொல்ல வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை.

ஆனால் குப்பி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மாதிரி எடுக்கும் கையும் சரியாக இருக்க வேண்டும். துடைப்ப பிரஷ்ஷின் நடு இழைகளைக் கருப்பை வாய்த் துளைக்குள் விட்டு ஒரே திசையில் 5 சுற்று. உடனே குப்பியின் அடியில் இழைகள் விரியும்படி 10 முறை அழுத்தி, கடைசியில் வேகமாகச் சுழற்றிவிட்டு பிரஷ்ஷை எறிய வேண்டும். குப்பியில் ஊறப் போட்டு வைத்தால் செல்கள் இழையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை நனைக்க வெதுவெதுப்பான நீரே போதும். கார்போமர் என்ற கெட்டியாக்கும் பொருள் கலந்த ஜெல் ஃபில்டரை அடைத்துவிடும்.

ரத்தமும் அதையேதான் செய்யும். ஃபில்டர் வழியாகத் திரவம் போகும் வேகம் குறைந்தால், போதிய செல் சேர்ந்துவிட்டதென்று மெஷின் நிறுத்திக்கொள்ளும். ஸ்லைடில் ஓரமாக ஒரு வளையம், நடுவில் வெறுமை என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "போதாத மாதிரி" என்று ரிப்போர்ட் எழுத அவசரம் வேண்டாம். சைட்டோலிட் என்ற கழுவு திரவம் 9 பங்கு, கிளேசியல் அசிடிக் அமிலம் 1 பங்கு கலந்து மாதிரியைக் கழுவி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைப் புதிய பிரிசர்வ்சைட்டில் (குப்பியில் இருக்கும் பதப்படுத்தும் திரவம்) கலந்து மறுபடி ஓட்டினால் பல ஸ்லைடுகள் பிழைத்துவிடும். ஹெச்பிவிக்கு வேண்டியதை அமிலம் சேர்க்கும் முன்பே தனியே எடுத்துவிட வேண்டும்.

மாதிரி போதுமானது என்று சொல்ல, ரிப்போர்ட் எழுதுவதற்கான பெதஸ்டா முறையின் கணக்குப்படி குறைந்தது 5,000 ஸ்குவாமஸ் (தட்டையான மேற்பரப்பு) செல்கள் வேண்டும். மைக்ராஸ்கோப்பில் எஃப்.என். (பார்வைப் புல எண்) 20 ஐபீஸும் 40 எக்ஸ் லென்ஸும் இருந்தால், வட்டத்தின் விட்டம் நெடுக 10 இடம் எண்ணி, இடத்துக்குச் சராசரி 3.1 செல் வந்தால் போதும்.

படிக்கும் கண்ணுக்குப் புதுப் பயிற்சி அவசியம். புற்றுநோயை நோக்கி அதிகம் மாறிய செல்கள் இங்கே கூட்டமாக மட்டும் வருவதில்லை. சின்னதாக, தனித்தனியாக, நல்ல செல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். உட்கருவின் ஓரம் நெளிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்காவிட்டால் தவறிப்போகும். புற்றுநோயின் அழுகல் படிவும் பின்னணியெங்கும் பரவாமல் செல் கூட்டங்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

பயாப்சித் துண்டை இந்தக் குப்பியில் போட்டு அனுப்பக் கூடாது. அதற்கு 10% ஃபார்மலின்தான்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு குப்பி, ஒரு ஃபில்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஹெச்பிவி சோதனையும் சேர்ந்து நடக்கும் லேபுக்குத் தயங்காமல் வாங்கலாம். மாதிரிகள் குறைவு, ஹெச்பிவியும் இல்லை என்றால், நன்றாக இழுத்து உடனே 95% ஆல்கஹாலில் போட்ட சாதாரண ஸ்மியரே போதும்.