கருமருந்தோடு ஐந்து வருடம்: .45-70 ரைஃபிளுக்கு மருந்து தேடிய கதை

என் ரைஃபிள் 1874 ஷார்ப்ஸ் மாதிரியில் இத்தாலியில் செய்தது. 34 அங்குலக் குழல், .45-70 தோட்டா. 2019 கடைசியில் வாங்கினேன். கொலராடோவில் இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு)ப் போக முடிகிறது. எஃகு உருவங்களைச் சுட்டு விழுத்தும் போட்டிக்காகத்தான் இதை வாங்கினேன். 200 மீட்டரில் கோழி, 300-ல் பன்றி, 385-ல் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக் கடா. கோழியை நின்றுகொண்டு சுட வேண்டும். மற்றவற்றுக்குக் குறுக்குக் கம்பு ஊன்றி உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் பக்கத்தில் இந்த விளையாட்டைத் தொடுகிற எல்லாரும் ஒருநாள் நியூ மெக்ஸிகோவின் ராட்டனில் இருக்கும் பெரிய ரேஞ்சுக்குப் போய்ச் சுட ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான்.

.45-70 என்பதிலேயே மருந்தின் அளவு இருக்கிறது. 1873-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா இது: .45 அங்குலக் குண்டு, 70 கிரெய்ன் கருமருந்து (புகை கக்கும் பழைய காலத்து வெடிமருந்து). 70 கிரெய்ன் என்றால் நாலரை கிராம். ஆனால் இன்றைய பித்தளைக் கூட்டின் அடிப்பகுதி அந்தக் காலக் கூட்டைவிடத் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதனால் 70 கிரெய்னைச் சும்மா கொட்டினால் குண்டுக்கு இடம் இருக்காது, மருந்தை அழுத்தியே ஆக வேண்டும். இந்த அழுத்தம்தான் எனக்கு இரண்டு வருடம் புரியாமல் இருந்த விஷயம்.

தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். முதலில் வாங்கியது ஸ்விஸ் கருமருந்து, ஒன்றரை எஃப் ரகம். எஃப் கூடக் கூட மணி சிறுக்கும். ஒரு எஃப் கரடு, மூன்று எஃப் பொடி. .45-70 மாதிரியான நீளக் கூட்டுக்கு ஒன்றரையோ இரண்டோ சரிவரும். ஸ்விஸ் மருந்தின் மணிகள் கெட்டியானவை. ஒரே அளவுக் கரண்டியில் மற்ற மருந்தைவிட எடை கூடுதலாக நிற்கும். அதனால் நான் கரண்டியை நம்புவதில்லை, ஒவ்வொன்றையும் தராசில் வைத்துத்தான் போடுகிறேன். 30 அங்குல ட்ராப் டியூப் (மருந்தை மேலிருந்து கூட்டுக்குள் விடும் நீளக் குழாய்) வழியாக மெதுவாக விட்டால் மணிகள் ஒன்றோடொன்று அடைந்து உட்கார்ந்துவிடும். மேலே ஒரு அட்டை வில்லை, பிறகு கம்ப்ரஷன் டையில், அதாவது மருந்தை அழுத்தும் அச்சில், ஒரு அழுத்து. குண்டை வைத்தே அழுத்தலாம் என்று நினைக்காதீர்கள். 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு தகரம் கலந்த குண்டு மெத்தென்றிருக்கும், அதன் மூக்கு நசுங்கிவிடும்.

முதல் வருடம் பிரச்சினையே இல்லை. 0.080 அங்குல அழுத்தம் (கூட்டில் இருக்கும் மருந்தை அழுத்தி அவ்வளவு கீழே இறக்குவது), 530 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 1190 அடியை ஒட்டிய வேகம். பத்து குண்டும் 200 கஜத்தில் இரண்டரை அங்குலத்துக்குள் விழுந்தன.

அப்புறம் 2021 வந்தது. லூசியானாவில் கோயெக்ஸ் கருமருந்து செய்துகொண்டிருந்த ஆலையை மூடப்போவதாக அந்த செப்டம்பரில் அறிவிப்பு வர, எல்லாரும் கிடைத்த எல்லா மருந்தையும் வாங்கிக் குவித்தார்கள். (அடுத்த வருடம் பொம்மை ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் அதை வாங்கிக்கொண்டது. அந்த ராக்கெட்டுகளுக்கும் கருமருந்துதான் எரிபொருள்.) ஸ்விஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. கைக்குக் கிடைத்த வேறொரு மருந்தை வாங்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம், ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள். விலையும் குறைவு.

அளவு, அழுத்தம், குண்டு எதையும் மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றினேன். ஆறு குண்டு வரை ஒழுங்காகப் போயிற்று. ஏழாவது நாலு அங்குலம் இடப்பக்கம். பத்தாவது தாளிலேயே இல்லை. ஈரத்துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் தள்ளிப் பார்த்தேன். பின்பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு போன துணி, வாய்ப்பக்கம் வந்ததும் கரகரவென்று பிடித்தது. கடைசி ஐந்து அங்குலத்தில் கரி காய்ந்து தார்ச்சாலைபோல இறுகியிருந்தது. எங்கள் ஊர் ஜூன் மாதக் காற்றில் ஈரமே கிடையாது, கரி சீக்கிரம் காய்ந்துவிடும். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஊதுகுழலை வைத்து ஐந்து மூச்சு விடுவேன். அடுப்பு ஊதுகிற அதே வேலைதான், இங்கே நெருப்புக்குப் பதில் மூச்சில் இருக்கும் ஈரம் வேண்டும். பத்து மூச்சு விட்டும் பலன் இல்லை. "மட்டமான மருந்து" என்று நோட்டில் எழுதி, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து ரேஞ்சில் மூத்தவர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, எவ்வளவு அழுத்தினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, அதை மூன்று மடங்கு அழுத்திப் பார் என்றார். ஸ்விஸுக்கு லேசாக அழுத்தினால் போதும், மணி கெட்டி. இந்த மருந்துக்கு அது பத்தாது, இறுக்கினால்தான் ஒரே சீராக எரியும், கரியும் மென்மையாக விழும் என்பது அவர் பல வருடம் சுட்டுக் கண்டது.

சரி என்று நான்கு கட்டாகப் பிரித்தேன்: 0.080, 0.160, 0.240, 0.300 அங்குலம். கூட்டுக்குள் குண்டு உட்காரும் ஆழம் மாறாது, ஆகவே அழுத்தம் கூடும்போது மருந்தும் இரண்டு மூன்று கிரெய்ன் கூடும். ஒவ்வொரு கட்டிலும் பத்து குண்டு, நடுவில் துடைக்கவில்லை, ஊதல் மட்டும். 0.160-லேயே சிதறல் பாதியானது. 0.240-ல் பத்தும் மூன்று அங்குலத்துக்குள். குழல்வாயில் குண்டில் பூசிய மசகு நட்சத்திரம்போல ஈரமாகப் படிந்திருந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மசகு கடைசிவரை தாக்குப்பிடித்தது என்பதற்கு அதுதான் அடையாளம். 0.300-ல் மறுபடி கொஞ்சம் விரிந்தது.

நோட்டில் இருந்த "மட்டமான மருந்து" என்பதை அடித்துவிட்டேன். ஒரு மருந்துக்குப் பொருந்திய அழுத்தத்தில் இன்னொன்றைச் சோதித்துத் தீர்ப்பு சொன்னது என் தவறு.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் பற்றியும் ஒன்று. வேக வித்தியாசம் மிகக் குறைவாக வந்தது 0.300-ல்தான், ஆனால் இலக்கில் அது மூன்றாவது இடம். வேகம் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 500 மீட்டருக்குப் போவதற்குள் இந்தக் கனத்த குண்டு பத்து மீட்டரையொட்டித் தாழ்ந்துவிடுகிறது. நொடிக்குப் பத்து அடி வித்தியாசம் கடாவின் மேல் ஏறக்குறைய அரையடியாகத் தெரியும். ஆனால் பத்தாவது குண்டின்போது குழல் எப்படி இருக்கிறது என்பதைக் கருவி சொல்லாது, ஈரத்துணிதான் சொல்லும்.

என் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் கூடு வேறு, குழல் வேறு. குறைத்துத் தொடங்குங்கள், ஆனால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் விடவே கூடாது, குழல் வீங்கிப் போகும். கருமருந்து அளவில் புகையற்ற மருந்தை (இன்றைய துப்பாக்கிகளின் மருந்தை)ப் போட்டால் துப்பாக்கி வெடித்து ஆளையே கொண்டுபோய்விடும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும்.

கழுவுவது ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆனால் அன்றைக்கே செய்துவிட வேண்டும். கரியில் இருக்கும் உப்புகள் ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றிவிடும். குழலுக்குத் தண்ணீர் போதும். வெற்றுக் கூடுகளைச் சுட்ட கையோடு சோப்புத் தண்ணீர் போத்தலில் போட்டுவிடுவேன். வீடு சேர்வதற்குள் தண்ணீர் மைக்கறுப்பாகி, அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஒருமுறை மறந்து மூன்று நாள் விட்டதில் நாற்பது கூடுகளும் உள்ளே பச்சை பூத்துவிட்டன.

இப்போது போட்டிக்கு ஸ்விஸ், பயிற்சிக்கு அந்த இன்னொன்று. இரண்டையும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) பார்த்து ஒரே லாட்டாக மொத்தமாக வாங்குகிறேன். லாட் மாறினால் பார்வைக் குறியை 500 மீட்டரில் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஓல்டு ஐன்ஸ்ஃபோர்டு என்ற இன்னொரு கருமருந்து, ஒன்றரை எஃப், ஒரு டப்பா கிடைத்தது. நான்கு அழுத்தத்தில் பத்துப் பத்தாக நிரப்பி, பெட்டிகளில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தால் சுட்டுப் பார்க்க வேண்டும்.